தேதி தவறாத ஆயிரம் ரூபாய்: தருமபுரிப் பயணக் குறிப்புகள்

சனி, 2025 பிப்ரவரி 1, தருமபுரி

தருமபுரிக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் ஒகேனக்கல்லுக்குத்தான். எண்ணெய் மசாஜ், பரிசல், வறுத்த மீன், சாயங்கால பஸ். நானும் முன்பு அப்படித்தான் வந்து போயிருக்கிறேன். இந்த முறை அருவிப் பக்கம் போகப் போவதில்லை. கிராமத்து வறுமையைக் குறைக்க என்று அரசு செலவழிக்கிறதே, அந்தப் பணம் போய் இறங்கும் இடங்களில் கொஞ்சம் சுற்றலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு திட்டத்தைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்றால் தருமபுரி ஞாபகத்துக்கு வந்துவிடும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதலில் இங்கேதான் தொடங்கின, ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில். ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் அதே வருடம் மே மாதம் ஆரம்பித்தபோது நீலகிரியையும் தருமபுரியையும்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மாநிலக் கணக்கைப் பார்த்தால் தமிழ்நாட்டில் வறுமை தீர்ந்தேவிட்டது போலத் தோன்றும். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றையும் சேர்த்து அளக்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், ஏழைகளின் பங்கு 2015-16இல் 4.76 சதவீதமாக இருந்தது 2019-21இல் 2.20 ஆகிவிட்டது. இந்தியா முழுவதற்கும் அது 14.96. சரி, அந்த 2.20 எங்கே உட்கார்ந்திருக்கிறது? மலையடிவாரத்திலும் மானாவாரிக் காட்டிலும் தேடினால் கிடைக்கும் என்பது என் கணக்கு.

மதியம் பேருந்து நிலையத்துப் பக்கம் டீ குடிக்க நின்றபோது டிவியில் பட்ஜெட் செய்தி. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று மூன்று தடவை காட்டினார்கள். கடையில் அதனால் ஆதாயம் அடைகிற முகம் எதுவும் தென்படவில்லை. நூறு நாள் வேலைக்கு எவ்வளவு என்று போனில் தேடிப் பார்த்தேன். 86,000 கோடி. போன வருடமும் அதேதான். கொரோனா வந்த 2020-21இல் இந்தத் திட்டத்துக்கு 1.11 லட்சம் கோடிக்கு மேல் செலவானது. கூலி ஏறுகிறது, விலைவாசி ஏறுகிறது, ஒதுக்கீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படியென்றால் வருடக் கடைசியில் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்து ஆட்களுக்கு டிவி பார்க்காமலே தெரியும். நவம்பர் கடைசியிலிருந்து கூலி வரவில்லை. மத்திய அரசு தரவேண்டிய பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று போன மாதம் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

லாட்ஜில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இது சும்மா சொல்லும் விஷயம் இல்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடிப்போய், பல் கறுத்து, எலும்பு வளைந்த தலைமுறைகள் வாழ்ந்த மாவட்டம் இது. ஜப்பான் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை இங்கே கொண்டுவந்தது. செலவு 1,900 கோடிக்கு மேல். அரசுச் செலவு என்றாலே வீண் என்று பேசுகிறவர்களை, இங்கே நாற்பது வயது தாண்டிய ஒருவரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிப் பல்லைக் கவனிக்கச் சொல்வேன்.

ஞாயிறு, பென்னாகரம் பக்கம்

காலையில் பென்னாகரம், அங்கிருந்து மினி பஸ். இறங்கிய ஊரின் பெயரையும் மேலே இருக்கும் ஊரின் பெயரையும் போடப் போவதில்லை. பேசியவர்களுக்கும் வனத்துறைக்கும் நடுவே ஏற்கெனவே ஆயிரம் தகராறு இருக்கிறது, என்னால் ஒன்று கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையிலும் ரேஷன் கடை திறந்திருந்தது. மாத முதல் வாரங்களில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அரிசிக்கு விலை கிடையாது, 2011 ஜூனிலிருந்து இப்படித்தான். கைரேகை எந்திரம் இரண்டு பேருக்கு உடனே எடுத்தது, மூன்றாவதாக நின்ற பெரியவருக்கு எடுக்கவில்லை. கல் உடைத்த விரல். கடைக்காரர் அலுத்துக்கொள்ளாமல் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, நாலாவது தடவையில் வாங்கிவிட்டார்.

பெரியவர் மேலே மலை ஊர்க்காரர். அவருடைய இருபது கிலோவோடு இன்னும் நாலு வீட்டு மூட்டையும் சேர்ந்து கழுதை மேல் ஏறியது. கழுதைக்கு வாடகை மூட்டைக்கு நூறு ரூபாய். இறங்க ஒன்றரை மணி நேரம், ஏற இரண்டரை. அன்றைக்குக் கூலி வேலை கிடையாது. இலவச அரிசிக்கு அவர் கொடுக்கும் விலை இது: வாடகை நூறும், ஒரு நாள் சம்பளமும். கீழே கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே அரிசி உண்மையிலேயே இலவசம். கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேருக்கும் அரசு ஒரே செலவுதான் செய்திருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரம் கழுதை முதுகில் போன படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் படம் வரும். வாக்கு கேட்டு மேலே ஏறியவர்கள் யாரும் ரோடு போடமாட்டேன் என்று சொன்னதில்லையாம்.

ஏன் ரோடு இல்லை என்று கேட்டால் காடு என்பார்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் வந்தபோதே மலைப் பகுதியில் 250 பேர் இருந்தால் போதும் என்று வைத்தார்கள். அதற்குக் கீழே உள்ள ஊர்கள் தள்ளிப்போயின. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராமசபை பரிந்துரையோடு கொடுக்கலாம் என்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தீர்மானம் போட்டாச்சு சாமி. ரெண்டு தடவ போட்டாச்சு" என்றார்.

என் போனில் ஒரு பழைய ஆய்வு கிடக்கிறது. ஷெங்கன் ஃபான், பீட்டர் ஹேசல், சுகதேவ் தோரட் மூவரும் 1999இல் வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காகச் செய்தது. 1970 முதல் 1993 வரை இந்திய மாநிலங்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்தன, கிராமத்து வறுமை எதனால் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார்கள். ஒரு ரூபாய்க்கு அதிகம் வறுமையைக் குறைத்தது கிராமச் சாலை. அடுத்தது வேளாண் ஆராய்ச்சி. அப்புறம் கல்வி. வறுமை ஒழிப்பு என்றே பெயர் வைத்துச் செலவழித்த பணம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் நின்றது. முதல் தடவை படித்தபோது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. கழுதைக்குப் பின்னால் அரை மணி நேரம் நடந்ததும் ஆச்சரியம் போய்விட்டது. முழுத் தூரமும் ஏறவில்லை, எனக்கு மூச்சு வாங்கியது.

திங்கள், ஏரி வேலை

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

தருமபுரிக்கும் அரூருக்கும் நடுவே ஒரு ஊர். எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் இருந்தார்கள். திங்கள் என்றால் உப்புமா, காய்கறி சாம்பார். சமைத்தது அதே ஊர் சுயஉதவிக் குழுப் பெண்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவு. வாசலில் பிள்ளையை விட்ட ஒரு அம்மா உள்ளே திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார். "ஒம்போது மணிக்குள்ள போட்டோ எடுக்கணும் சார்" என்றார். அவர் பின்னாலேயே நானும் ஏரிக்குப் போனேன்.

நூறு நாள் திட்டத்தில் வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் வேலை. ஐம்பது பேருக்குப் பக்கமாக இருந்தார்கள், ஆண்கள் ஐந்தாறு பேர், எல்லாரும் வயதானவர்கள். பணித்தளப் பொறுப்பாளர் இளம் பெண். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேல் ஏறினார். கீழே சிக்னல் கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவுக்கு ஆப்பில் காலை ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு போட்டோ கட்டாயம். எல்லாரும் மண்வெட்டியோடு கரை ஏறி, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, படம் ஏறியதும் இறங்கினார்கள்.

2024-25க்கு அறிவித்த கூலி நாளைக்கு 319 ரூபாய். வேலையை அளந்து பார்த்துத்தான் தருவார்கள், அதனால் முழுசாக வருவது அபூர்வம் என்கிறார்கள். இப்போது பேச்சே அது இல்லை, வருவதே இல்லை என்பதுதான். ஒரு அக்காவிடம் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டேன். "தீபாவளி முடிஞ்சு ஒரு தடவ ஏறுச்சு. அப்புறம் பொங்கலுக்கு வரும்னாங்க. பொங்கலும் போச்சு."

சட்டம் என்ன சொல்கிறது? மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, முடிந்து பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கவேண்டும். பதினாறாம் நாளிலிருந்து, பாக்கிக் கூலியில் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. கரை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு நாள் வேலை, 1,914 ரூபாய். அதற்கு ஒரு நாள் இழப்பீடு 96 பைசா. மாதத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். அதாவது ஊர் பாஷையில் ஒன்றரை வட்டி. அக்கா சிரித்துவிட்டார். அவர் பொங்கலுக்கு வாங்கிய மூவாயிரத்துக்கு மூணு வட்டி.

இதைத்தான் நான் அறிக்கைகளில் பார்த்ததில்லை. தாமதம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும், இத்தனை சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். இங்கே ஏரிக்கரையில் அதன் அர்த்தம் வேறு. வேலையை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காத அரசு, இந்தப் பெண்களிடம் கடன் வாங்கியிருக்கிறது. அவர்கள் அந்தக் கடனைக் கொடுக்க வெளியில் மூணு வட்டிக்கு வாங்குகிறார்கள். சட்டப்படி தரவேண்டிய ஒன்றரை வட்டியும் கைக்கு வந்ததாக அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே பொறுப்பாளர் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியைத் திறந்தார்கள். களியும் கீரையும், ஒருவரிடம் நேற்றைய மீன் குழம்பு. எனக்கும் ஒரு உருண்டை வந்தது, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ரேஷன் கேழ்வரகு என்றார்கள். நன்றாகவே இருந்தது.

பேச்சு உரிமைத் தொகைக்குப் போனது. மாதம் ஆயிரம், 2023 செப்டம்பரிலிருந்து, பதினைந்தாம் தேதிக்குள் கணக்கில் ஏறிவிடும். சில மாதம் ஒரு நாள் முன்பே வரும். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வருகிறது. இல்லாதவர்கள் ஏன் எனக்கு இல்லை என்று என்னைக் கேட்டார்கள், எனக்குத் தெரியுமா என்ன. அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்கள். மைக்ரோஃபைனான்ஸ் குழுக்காரர்கள் முன்பெல்லாம் மாத முதல் வாரத்தில் தவணை வசூலிக்க வருவார்களாம். இப்போது பதினாறு, பதினேழுக்கு மாற்றிக்கொண்டார்களாம். பலசரக்குக் கடையிலும் அப்படித்தான். "பதினஞ்சுக்குத் தர்றேன்" என்றால் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். "நூறு நாள் காசு வந்ததும் தர்றேன்" என்றால் தலையைச் சொறிவார்.

தொகையைப் பாருங்கள். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தால் வருடத்துக்கு 31,900. உரிமைத் தொகை 12,000. பெரிய பணத்தை யாரும் நம்பவில்லை, சின்னப் பணத்தை வைத்துக் குடும்பம் திட்டம் போடுகிறது. நாள் தெரிந்த ஆயிரத்தை நம்பிக் கடன் வாங்கலாம், பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கலாம், உடம்புக்கு மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடலாம். எந்த மாதம் வரும் என்று தெரியாத ஐயாயிரம் வந்த அன்றைக்கே பழைய கடனுக்குப் போய்விடும். பட்ஜெட் பேச்சில் எப்போதும் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். எந்தத் தேதியில் என்பது அதே அளவு பெரிய கேள்வி என்று எனக்கு இன்றைக்குப் பட்டது.

மூன்று மணி வாக்கில் மொபெட்டில் ஒரு விவசாயி வந்து நின்றார். மஞ்சள் வெட்ட நாளைக்கு எட்டு ஆள் வேண்டும். நூறு நாள் வேலை வந்ததிலிருந்து காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று என்னிடம் குறைப்பட்டார். அவர் சொல்வதும் பொய்யில்லை. 2008 ஏப்ரலில் எல்லா மாவட்டத்துக்கும் திட்டம் வந்தபோது இங்கே கூலி 80 ரூபாய். அதுகூடப் பெண்களுக்குப் பேரம் பேச ஒரு பிடிமானமாக இருந்தது, அங்கே இவ்வளவு தர்றாங்க, நீங்க எவ்வளவு தருவீங்க என்று கேட்க முடிந்தது. இன்று நடந்ததைக் கவனித்தேன். அவர் முந்நூறு என்றார். ஒரு நிமிடம்கூடப் பேச்சு வளரவில்லை. எட்டு பேர் கேட்டவருக்குப் பன்னிரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். கையில் உடனே காசு. அரசு கூலியை நிறுத்தி வைத்தால் தனியார் கூலியும் இறங்குகிறது, விவசாயி கேட்காமலே அவருக்கு ஆதாயம்.

யாரிடம் முறையிடுவது என்று கேட்டேன். ஊராட்சித் தலைவரிடம் என்றார் ஒரு பாட்டி. தலைவர் பதவிக்காலம்தான் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே, இப்போது தனி அலுவலர் என்றார் பொறுப்பாளர் பெண். பாட்டிக்கு அது புதுச் செய்தி. மனு எழுதித் தருகிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். பெயரும் வேலை அட்டை எண்ணும் வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய், சிட்லிங்

அரூர், கோட்டப்பட்டி வழியாக சிட்லிங். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து. பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள்தான். கூடையில் பூ, சாக்கில் புளி, மடியில் தூங்கும் பிள்ளை. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வர முன்பு ஆகும் பஸ் காசு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவே கிண்ணம் மாதிரி அழகான பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். 1993இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி இங்கே ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றைக்குப் பெரிதாக நிற்கிறது. அரசு வராத இடத்தில் ஆட்கள் வந்து செய்த வேலை. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் ரோட்டைப் பார்க்க வந்தவன்.

ரோடு நன்றாக இருக்கிறது. அதில் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் பதில்: திருப்பூர், கோயமுத்தூர், கேரளா. பொருளாதார ஆய்வாளர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் 2020இல் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து சொன்னது இதைத்தான். ரோடு வந்த ஊரில் விவசாயம் பெரிதாக மாறவில்லை, வருமானமும் சொத்தும் அவ்வளவாக ஏறவில்லை, விவசாய வேலையை விட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். ஃபான் குழுவின் முடிவுக்கு இது நேர் எதிர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்குள் வேறு எதுவும் வராமல் ரோடு மட்டும் வந்தால், அதில் ஆட்கள் வெளியே போகத்தான் செய்வார்கள். வழி இல்லாதபோது எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் இந்த மாவட்டத்து மலைக்காரர்களும் உண்டு.

ஊருக்குள் வந்த இன்னொரு பணத்தையும் பார்த்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் கேழ்வரகு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அரசுக் கொள்முதலுக்குப் போகிறதாம். குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், 2024-25க்கான ஆதார விலை. ரேஷனில் கேழ்வரகு போட ஆரம்பித்ததால் அரசுக்கே வாங்க வேண்டியிருக்கிறது. தாசில்தார் அலுவலகச் சான்று, ஈரப்பதம், சாக்கு என்று அலைச்சல் இருக்கிறது. இருந்தாலும் வியாபாரி விலையை விட மேல் என்றார் வீட்டுக்காரர். போன வருடம் ஒரு ஏக்கர், இந்த வருடம் இரண்டு. மானாவாரி நிலத்தில் போடும் அரசுப் பணத்துக்குப் பாசன நிலத்தை விடப் பலன் அதிகம் என்று ஃபானும் ஹேசலும் பின்னால் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். இந்தத் திண்ணை அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும்.

புதன், ஒன்றிய அலுவலகம்

மனுவை ராத்திரியே எழுதிவிட்டேன். நாற்பத்தி மூன்று பெயர், வேலை அட்டை எண், எந்த வாரத்து மஸ்டர் ரோல், எத்தனை நாள் பாக்கி, நாளொன்றுக்கு 0.05 சதவீதம் வீதம் இன்று வரை எவ்வளவு. அந்த அக்காவும் பொறுப்பாளர் பெண்ணும் என்னோடு வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை, எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

தபால் மேசையில் இருந்தவர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி முழுதும் படித்தார். "கூலி எங்க கையில இல்லீங்க, டெல்லியிலிருந்து நேரா அவங்க கணக்குக்குத்தான் வரணும்." தெரியும் சார், நாங்கள் கேட்பது இழப்பீடு என்றோம். அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாங்கிப் படித்து, "இதுக்கு எந்த ஃபைல்ல போடறது?" என்று கேட்டார். இதற்கு முன்னால் இப்படி ஒரு மனு வந்ததில்லையாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசி, புதுசாக ஒரு ஃபைல் போட்டு மேலே தலைப்பு எழுதினார்கள். நகலில் முத்திரை குத்தி வரிசை எண் போட்டுக் கொடுத்தார்கள்.

அக்கா அந்த நகலை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். எப்போது வரும் என்று அவர் கேட்டதற்கு, இரண்டு வாரம் கழித்து வந்து விசாரிக்கச் சொன்னார் தபால் மேசைக்காரர். பதினேழாம் தேதி குழு வசூல் இருக்கிறது, அதற்கு அடுத்த நாள் வருகிறேன் என்று அக்கா சொல்ல, அவர் காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டார். எனக்குச் சேலம் பஸ் இரண்டு மணிக்கு.